வேகமில்லாத அணி என்று எழுதினேன்

போன மாதம் நீங்கள் எனக்குக் கொடுத்த பிரிவுபசார விருந்தில், பின்வரிசையில் இருந்து ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "சார், இத்தனை வருஷமா காலேஜ் டீம்களோட மேட்ச் எல்லாம் பார்த்திருக்கீங்க. ஜெயிச்ச டீம்கள்ல எதோட அட்டாக் பெஸ்ட்?" பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. "எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் சிரித்தீர்கள். மழுப்புகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். மழுப்பத்தான் செய்தேன். இதே கேள்விக்கு ஒரு காலத்தில் நான் அட்டவணை போட்டு, படங்களை வெட்டி ஒட்டி, பெரிய திரையில் பதில் சொன்னவன். அந்தப் பதிலால், கால்பந்து ஆட்டங்களை வீடியோவில் அலசும் இந்தத் தொழிலை எனக்குக் கற்றுக் கொடுத்த மனிதருக்கு வேலை போனது. கேக் வெட்டுகிற இடத்தில் நின்றுகொண்டு சொல்லக்கூடிய கதை இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

நான் உங்களைப் போல இதற்கென்று படித்து வந்தவன் இல்லை. துபாயில் அல் கூஸ் பகுதியில், கிடங்குகளுக்குக் கண்காணிப்புக் கேமரா மாட்டும் கம்பெனியில் ஏணியும் கையுமாக ஏழு வருஷம் இருந்தேன். அதற்குப் பிறகு ஷார்ஜாவில் ஒரு தனியார் கல்லூரியில் ஏ.வி. டெக்னீஷியன் வேலை கிடைத்தது. ஆடிட்டோரியத்தில் மைக் அலறாமல் பார்த்துக்கொள்வது, புரொஜக்டருக்கு பல்பு மாற்றுவது, பட்டமளிப்பு விழாவை வீடியோ எடுப்பது. ஏசி அறைக்குள் வேலை என்பதே எனக்குப் பெரிய பதவி உயர்வாகத் தெரிந்தது.

அங்கே கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர் சூடான்காரர். அரபு நாடுகளில் கால்பந்துப் பயிற்சியாளரைக் காப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். ஏறக்குறைய என் வயதுதான் அவருக்கும். நெட்டையான ஆள். பேசும்போது குனிந்து நம் முகத்துக்கு நேரே வந்து பேசுவார். அரபி, ஆங்கிலம், வளைகுடாவில் எல்லோரும் பேசுகிற அந்த உடைந்த இந்தி மூன்றும் கலந்த பாஷை. அதைத் தமிழாக்கித்தான் என்னால் இங்கே எழுத முடியும்.

ஒருநாள் ஆடிட்டோரியத்துக்குள் தலையை நீட்டி, "நீ கேமரா ஆள்தானே? நாளைக்கு மேட்ச். வந்து எடு" என்றார். நான் குமரிக் கடற்கரைக்காரன். எங்கள் பக்கம் கோயிலுக்கு ஒரு டீம் இருக்கும். வலது பக்க டிஃபென்ஸில் நானும் ஆடியிருக்கிறேன். அதனால் எனக்குக் கால்பந்து தெரியும் என்கிற எண்ணம் இருந்தது. பந்து போகிற இடமெல்லாம் கேமராவைத் திருப்பித் திருப்பி, கோல் அடித்தவன் பல் தெரிகிற அளவுக்கு ஜூம் போட்டு எடுத்துக் கொடுத்தேன். காப்டன் பத்து நிமிஷம் பார்த்தார்.

"பந்து ரொம்ப நல்லா நடிச்சிருக்கு, ஹபீபி. என் பையன்கள் எங்கே?"

அடுத்த மேட்ச்சுக்கு, பக்கத்துக் கட்டட சைட்டில் கெஞ்சிக் கேட்டு ஒரு இரும்புச் சாரத்தைக் கொண்டுவந்து மைதானத்தின் ஓரத்தில் நிறுத்தினார். அதன் உச்சியில் நான். மைதானம் முழுக்கத் தெரிய வேண்டும், பந்து எங்கே போனாலும் கேமரா அசையக்கூடாது என்பது உத்தரவு. வெயிலில் கேமரா சூடாகித் தானாக அணைந்துவிடும். அதற்கு ஈரத் துண்டு போர்த்திவிடுவேன். இன்னொரு துண்டை என் தலையில் போட்டுக்கொள்வேன். அது பதினைந்து நிமிஷத்தில் அப்பளமாகிவிடும்.

மேட்ச் முடிந்த மறுநாள் மத்தியானம் அவருடைய அறையில் உட்கார்ந்து வீடியோ பார்ப்போம். சுலைமானித் தேநீரும் பேரீச்சம்பழமும் இருக்கும். ஒரு இடத்தில் நிறுத்தி, "இவன் ஏன் இங்கே நிக்கிறான்?" என்பார். நான் ஏதாவது சொல்வேன். பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். "இல்ல. இன்னொரு தடவை பார்" என்பார். பந்துக்கு முப்பது அடி தள்ளி, யாரும் கவனிக்காத ஒருவன் ரெண்டு எட்டு இடது பக்கம் நகர்ந்திருப்பான். அந்த ரெண்டு எட்டில் எதிரணியின் ஒரு ஆள் அவனோடு போயிருப்பான். அங்கே உண்டான இடைவெளியில்தான் கோல். அதைக் கண்டுபிடித்த நாளில் எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. நாற்பது வயதில் புதிதாக எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்துகொண்ட மாதிரி இருந்தது. வளைகுடாவில் நான் கழித்த காலத்தில் எது திரும்பக் கிடைக்க வேண்டும் என்று கேட்டால், அந்த மத்தியானங்களைத்தான் கேட்பேன்.

அப்போது அமீரகக் கல்லூரிகளுக்கு இடையிலான கோப்பையை மூன்று கல்லூரிகள் மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டிருந்தன. மூன்றும் மூன்று விதம். அபுதாபி அணி ஓரங்களை நம்பிய அணி. இரண்டு பக்கமும் கோட்டை ஒட்டி ஓடுகிற இரண்டு பேர், நடுவில் உயரமான ஒருவன். ஓரத்தில் இருந்து பந்து தூக்கி வரும், அவன் தலை அங்கே இருக்கும். என்ன செய்யப் போகிறார்கள் என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும், தடுக்கத்தான் முடியாது. துபாய் அணி, பந்து தங்களிடம் இல்லாதபோதுதான் ஆபத்தானது. எதிரணி கோல்கீப்பர் பந்தைத் தரையில் வைத்தவுடன் நாலு பேர் போய் மேலே விழுவார்கள். பறித்த இடத்தில் இருந்து மூன்றே பாஸில் கோல். அல் அயின் அணி இதற்கு நேர்மாறு. பதினொரு பேரும் தங்கள் பாதியில் தூங்குவது போலக் கிடப்பார்கள். நாம் நம்பி முன்னேறிப் போனதும் பின்னால் இருந்து ஒரு நீளமான பந்து, அதைத் துரத்த ஒரே ஒரு ஓட்டக்காரன்.

எங்கள் அணி இந்த மூன்றிலும் சேராது. கோல்கீப்பரிடம் தொடங்கி, பின்னால் நிற்கிறவர்களுக்குள்ளேயே பந்து சுற்றும். இடம், வலம், மறுபடி இடம். நடுவில் தாரிக் என்று ஒரு எகிப்துப் பையன். அவனிடம் போகும், அவன் திரும்பப் பின்னாலேயே கொடுப்பான். பார்க்க வருகிறவர்கள் கொட்டாவி விட்டுப் போனை எடுத்துவிடுவார்கள். ஆனால் தோற்பது குறைவு. அரையிறுதி வரைக்கும் போவோம். கோப்பை மட்டும் வரவில்லை.

ஒரு நவம்பர் மாதம் விளையாட்டுத் துறை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"மூன்று சாம்பியன்களும் எப்படித் தாக்குகிறார்கள், நாம் எப்படித் தாக்குகிறோம், இதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு ரிப்போர்ட் வேண்டும். கமிட்டிக்கு. உங்கள் பெயரிலேயே கொடுங்கள்."

"காப்டன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு..."

"அவர் சீசன் நடுவில் இருக்கிறார். தொந்தரவு பண்ண வேண்டாம்."

அந்த இடத்தில் எனக்கு மூளை வேலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. 'உங்கள் பெயரிலேயே' என்ற ரெண்டு வார்த்தை காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் சாப்பாடு, தூக்கம் மறந்து உட்கார்ந்தேன். அழகான ரிப்போர்ட். இப்போது பார்த்தாலும் அழகுதான். மூன்று அணிகளுக்கும் அம்புக்குறி போட்ட படங்கள், வெட்டி எடுத்த காட்சிகள், எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். நான்காவதாக எங்கள் அணி. அதற்குக் கீழே நான் எழுதிய வரி இது: 'நம் அணியின் தாக்குதலில் வேகம் இல்லை. வெற்றி பெற்ற மூன்று அணிகளிடம் இருக்கும் எதுவும் நம்மிடம் இல்லை.' அந்த வரி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. என் பெயர் போட்ட முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து ஊரில் மனைவிக்கு அனுப்பினேன்.

கமிட்டியில் ஐந்து பேர். காப்டன் இல்லை. நான் திரையில் காட்டிக் காட்டிப் பேசினேன். முடித்ததும் தலைவர் கேட்டார், "இப்படி மெதுவாக ஆடுவது பையன்களால் முடியாததாலா, இல்லை பயிற்சியாளர் அப்படி ஆடச் சொல்கிறாரா?"

ஒரு நிமிஷம் அவகாசம் கேட்டிருக்கலாம். எனக்குத் தெரியாது, அவரைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஐந்து பெரிய மனிதர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அது பயிற்சியாளரோட பாணி, சார். பையன்களால வேகமா ஓட முடியும். வீடியோல இருக்கு."

தலைவர் ஏதோ குறித்துக்கொண்டார். மேனேஜர் "ஷுக்ரன்" என்று நன்றி சொன்னார். எனக்குக் கை கூடத் தட்டினார்கள்.

பத்து நாள் கழித்து, ஆடிட்டோரியத்துக்குப் பின்னால் இருந்த என் அறைக்கு ஜெசிந்தா சிஸ்டர் வந்தார். கல்லூரி கிளினிக்கில் நர்ஸ், தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். மேட்ச் நாட்களில் ஐஸ் பெட்டியோடு மைதான ஓரத்தில் நிற்பவர்.

"அண்ணே, காப்டனுக்குச் சீட்டைக் கிழிச்சாச்சு. டிசம்பரோட கலாஸ். தெரியுமா?"

எனக்குக் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்தது.

"கமிட்டியில உங்க பேப்பரத்தான் வச்சுப் பேசுனாவளாம். என்ன எழுதிக் கொடுத்திய?"

"வீடியோல இருந்ததத்தான் எழுதினேன், சிஸ்டர்."

"நான் ஐஸ் பெட்டியத் தூக்கிட்டு நிக்கது உங்க வீடியோல இருக்கா?" என்றார். குரல் உயரவில்லை, ஆனால் முகம் சிவந்திருந்தது. "காப்டன் வாரதுக்கு முந்தி ஒவ்வொரு சீசனும் பிள்ளையளுக்கு டிரிப்ஸ் ஏத்துனவ நான். கெண்டைக்கால் இழுத்து, வாந்தி எடுத்து, கண்ணு சொருகிக் கிடக்கும்ங்க. இவர் வந்த பொறவு அந்த டிரிப்ஸ் ஸ்டாண்ட நான் தொடவே இல்ல. அது எங்க எழுதியிருக்கிய? அவர் மக பன்னெண்டாங் கிளாஸ், அண்ணே. மார்ச்சுல பரீட்ச. டிசம்பர்ல விசா போச்சுன்னா அந்தப் பிள்ள எங்க போய் எழுதும்? அவுங்க ஊர்ல நடக்குற சண்டைக்கா?"

 

காப்டன் அன்று மத்தியானமே வந்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அந்த ரிப்போர்ட்டைக் காட்டு" என்றார். கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். முதலில் இருந்து கடைசி வரை பார்த்தார். பிறகு கேட்கத் தொடங்கினார். பேரீச்சம்பழம் வைத்துக்கொண்டு கேட்பாரே, அதே குரல்.

"இந்த துபாய் மேட்ச் எத்தனை மணிக்கு?"

"ஏழரைக்கு, காப்டன். அவங்க கிரவுண்ட்ல லைட் இருக்கு."

"நம்ம மேட்ச்?"

"நாலரைக்கு."

"எந்த மாசம்?"

"செப்டம்பர்."

அதற்கு மேல் அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. செப்டம்பரில் நாலரை மணிக்கு ஷார்ஜாவில் செயற்கைப் புல் மைதானம் எப்படி இருக்கும் என்று என்னை விட யாருக்குத் தெரியும்? சாரத்தின் உச்சியில் நின்று அந்த வெயிலை மண்டையில் வாங்கியவன் நான். கேமராவுக்கு ஈரத் துண்டு போர்த்தத் தெரிந்தவனுக்கு, ரிப்போர்ட்டில் வெயில் என்று ஒரு வார்த்தை எழுதத் தோன்றவில்லை.

"அவங்க பெஞ்ச்சில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்க?"

தெரியவில்லை. படம் நன்றாக வரவேண்டும் என்று ஓரங்களை வெட்டியிருந்தேன். முழு வீடியோவை எடுத்து ஓட்டினேன். பெஞ்ச் நிறைய ஆட்கள். எங்கள் பெஞ்ச்சில் இரண்டே பேர், அதில் ஒருவன் காலில் கட்டோடு.

"தாரிக் அன்னிக்குக் காலையில எங்கே இருந்தான்?"

"எனக்குத் தெரியாது."

"மாமாவோட டயர் கடையில. ஆறு மணியில இருந்து. அப்புறம் லேப். அப்புறம் நம்ம மேட்ச்." அவர் திரையில் தாரிக்கின் மேல் விரலை வைத்தார். "மேட்ச்சை நிறுத்தி இவனை உட்கார வைக்க எனக்கு வழி இல்ல. ஆனா பந்து நம்ம கிட்ட இருக்கிறவரைக்கும் இவன் நடக்கலாம். மூச்சு வாங்கலாம். துரத்துறவன்தான் ஓடணும். எழுபது நிமிஷத்துக்கு அப்புறம் யார் கோல் அடிக்கிறாங்க, எண்ணிப் பார்."

எண்ணினேன். அந்த சீசனில் எங்கள் கோல்கள் பெரும்பாலும் கடைசி இருபது நிமிஷத்தில்தான் விழுந்திருந்தன. எதிரணிக்கு நாக்குத் தள்ளிய பிறகு. கொட்டாவி விட வைத்த அந்த பாஸ்கள் எல்லாம் எதற்காக என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"நீ எழுதினது பொய் இல்ல, ஹபீபி. வேகம் மாஃபி, இல்ல. சரிதான். ஏன் மாஃபின்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

எழுந்து என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். 

இரண்டு நாள் உட்கார்ந்து ரிப்போர்ட்டைத் திரும்ப எழுதினேன். அதே நான்கு அணிகள், அதே காட்சிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே எத்தனை மணி ஆட்டம், எந்த மாதம், ஆட்டத்தில் எத்தனையாவது நிமிஷம், பெஞ்ச்சில் எத்தனை பேர் என்று சேர்த்தேன். ஜெசிந்தா சிஸ்டரிடம் கேட்டு, கிளினிக் பதிவில் இருந்து யார் பெயரும் இல்லாமல் ஒரு பத்தி எழுதினேன். மேனேஜரிடம் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதில் எது தப்பு?"

"முதல்ல கொடுத்தது தப்பு, சார்."

"அதை எழுதியது யார்?"

"நான்தான்."

"தப்பாக எழுதுகிற ஆளின் இரண்டாவது ரிப்போர்ட்டை நான் எதற்கு நம்ப வேண்டும்? முடிவு எடுத்தாகிவிட்டது. இதை எடுத்துக்கொண்டு போங்கள். நானும் பார்க்கவில்லை, நீங்களும் கொடுக்கவில்லை."

என் விசாவைப் புதுப்பிக்கிற தாளிலும் அதே மனிதரின் கையெழுத்துதான் வேண்டும். அது எனக்கு அந்த நிமிஷம் நன்றாகவே ஞாபகம் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், என் கை அந்தக் காகிதத்தின் மேல் போய்விட்டது. எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. கை அங்கேயே இருந்தது. பிறகு எப்படியோ வாய் திறந்தது.

"நீங்க நம்ப வேண்டாம், சார். முதல் ரிப்போர்ட் கமிட்டிக்குப் போச்சு. இதுவும் அங்க போகட்டும். அது தப்புன்னு நானே அவங்ககிட்ட சொல்லணும்."

"அதற்குப் பிறகு உங்களுக்கு இந்த வேலை இருக்கும் என்று நினைக்கிறீர்களா?"

"தெரியாது, சார்."

தெரியாது என்ற வார்த்தையை, பத்துப் பன்னிரண்டு நாள் முன்னாடி சொல்ல வேண்டியதை, அங்கே சொன்னேன்.

அவர் அனுப்பவில்லை. நானே பிரதி எடுத்து, கமிட்டியில் இருந்த ஒரு பெண் பேராசிரியரை வராந்தாவில் நிறுத்திக் கொடுத்தேன். அவர் நின்ற இடத்திலேயே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கம் வரை படித்தார். "இதை ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை?" என்று கேட்டார். "எனக்கே அன்னிக்குத் தெரியாது, மேடம். தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன்" என்றேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. காப்டனுக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அந்தப் பேராசிரியர் போராடி, கல்வியாண்டு முடியும்வரை அவரை உடற்பயிற்சி ஆசிரியராக வைத்திருக்க ஏற்பாடு செய்தார். அணி அவர் கையில் இல்லை. ஆனால் விசா இருந்தது. மகள் மார்ச்சில் பரீட்சை எழுதினாள். ஜூனில் ஓமானில் சோஹாரில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போனார். பெட்டிகளைக் காரில் ஏற்ற நானும் போயிருந்தேன். என்ன பேசினோம் என்று கேட்டால், கார் டயரில் காற்று போதுமா என்பதைப் பற்றிப் பேசினோம்.

எனக்கு வேலை போகவில்லை. ஆனால் "கால்பந்துப் பக்கம் உங்களுக்கு வேலை இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். ஆடிட்டோரியத்துக்கே திரும்பினேன். எட்டொன்பது மாதம் மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ. மைதானத்தில் விசில் சத்தம் கேட்கும்போது கதவைச் சாத்திக்கொள்வேன்.

புதிதாக வந்த பயிற்சியாளர் நல்ல மனிதர்தான். துபாய் அணி மாதிரி ஆட வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். அவரும் அப்படியே ஆட வைத்தார். அடுத்த செப்டம்பரில் மூன்றாவது மேட்ச், இரண்டாம் பாதியில் இரண்டு பையன்கள் அடுத்தடுத்து விழுந்தார்கள். மூன்றாவதாகத் தாரிக் விழுந்தபோது ஜெசிந்தா சிஸ்டர் நடுவரின் விசிலுக்குக் காத்திருக்கவில்லை. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக மைதானத்தின் நடுவே போய், "போதும். நிறுத்துங்க" என்று தமிழிலேயே சத்தம் போட்டாராம். ஆட்டம் நின்றது. தாரிக் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து நல்லபடியாகத் திரும்பினான்.

மறுவாரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "உங்கள் அந்த இரண்டாவது பேப்பர் இருக்கிறதா?" என்று கேட்டார். கொடுத்தேன். எங்கள் மேட்ச்சுகள் எல்லாம் சூரியன் இறங்கிய பிறகு, விளக்கு உள்ள வேறு மைதானத்துக்கு மாறின. எனக்குச் சாரத்தின் உச்சி திரும்பக் கிடைத்தது. இது நல்ல முடிவு மாதிரித் தெரியும். ஆனால் பையன்கள் விழுந்த பிறகுதான் அது நடந்தது.

இதோடு முடிந்திருந்தால் நான் திருந்திவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். இன்னும் ஒன்று இருக்கிறது.

நாலைந்து வருஷம் கழித்து, ஜனவரியில், வளைகுடாக் கல்லூரிகளுக்கான போட்டி ஒன்று சோஹாரில் நடந்தது. பஸ்ஸில் போனோம். எல்லையில் பாஸ்போர்ட் வரிசையில் நின்று நின்று பையன்கள் அங்கேயே பந்து தட்டத் தொடங்கிவிட்டார்கள். முதல் மேட்ச்சே காப்டனின் கல்லூரியோடு. முந்தின நாள் எங்கள் பயிற்சியாளர் கேட்டார், "உங்களுக்கு அவரைத் தெரியுமே. எப்படி ஆடுவார்கள்?"

அந்த அணியின் ஆட்டம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. ஆனால் காப்டனை எனக்குத் தெரியாதா? "மெதுவா ஆடுவாங்க. பின்னாலயே பந்தைச் சுத்திட்டு இருப்பாங்க. நாம அவசரப்படாமக் காத்திருந்தாப் போதும்" என்றேன். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

விசில் அடித்த மூன்றாவது நிமிஷத்தில், எங்கள் கோல்கீப்பர் பந்தைத் தரையில் வைத்தான். நாலு பேர் போய் மேலே விழுந்தார்கள். கோல். இரண்டாவதும் அப்படியே. கடலில் இருந்து ஜில்லென்று காற்று அடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் பெஞ்ச்சில் இடம் இல்லாமல் பையன்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதெல்லாம் அங்கேயும் சாரத்தின் மேலே நின்றிருந்த எனக்கு நன்றாகத் தெரிந்தது, ஆட்டம் தொடங்கிய பிறகு. மொத்தம் நாலு கோல் வாங்கினோம். எங்கள் பயிற்சியாளர் சாரத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். கேமராவுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

முடிந்ததும் இறங்கினேன். கீழே காப்டன் நின்றுகொண்டிருந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது. கட்டிப் பிடித்தார்.

"ஹபீபி, இன்னிக்கு வேகம் போதுமா?"

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது எனக்கு. மன்னிப்பு என்று ஏதோ தொடங்கினேன். "கலாஸ், கலாஸ்" என்று கையை அசைத்து நிறுத்திவிட்டார். மகள் மஸ்கட்டில் பல் மருத்துவம் படிப்பதாகச் சொன்னார். பிறகு மைதானத்தில் வட்டமாக உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த தன் பையன்களிடம் என்னை இழுத்துக்கொண்டு போனார்.

"இவர் என் பழைய நண்பர். ஆட்டத்தை மேலே இருந்து பார்க்கிறவர். நீங்க எப்படி ஆடினீங்கன்னு இவர் சொல்லட்டும். யல்லா, ஆரம்பிக்கலாம்."

இருபது பையன்கள் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. யார் எந்த இடத்தில் நின்றார்கள், எந்த இடைவெளியில் பந்தைப் பறித்தார்கள், எல்லாம் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நான் அவர்களோடு புல்லில் உட்கார்ந்தேன்.

"எனக்குத் தெரியல. நீங்க சொல்லுங்க. ஏன் இவ்வளவு மேல ஏறி வந்து ஆடுறீங்க?"

காப்டனைப் பார்த்தார்கள். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அணித் தலைவன், சோஹார்ப் பையன்தான், பக்கத்தில் இருந்தவனின் முதுகில் தட்டினான். இடது பக்க டிஃபென்ஸில் ஆடிய ஒல்லிப் பையன் அவன்.

"போன வருஷம் ஃபைனல்ல இவன் சேம் சைடு கோல் அடிச்சிட்டான், சார். அதுல தோத்தோம். அதுக்கப்புறம் பந்து நம்ம கோல் பக்கம் வந்தாலே இவனுக்குக் கால் நடுங்கும். விளையாடவே வரமாட்டேன்னு சொல்லிட்டான். அதான் நாங்க எல்லாரும் பேசி முடிவு பண்ணினோம், பந்தை இந்தப் பக்கமே வரவிடக் கூடாதுன்னு. காப்டனும் சரின்னுட்டார்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பையன் பனியனை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். உள்ளுக்குள் அவனும் சிரித்துக்கொண்டிருந்தது தோள் குலுங்கியதில் தெரிந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது அந்த ஆட்டத்தைப் பற்றிய ரிப்போர்ட்டை எழுதினேன். அந்த அணித் தலைவன் சொன்னதைத்தான் முதல் வரியாக எழுதினேன்.